அழிக்காமல் விட்ட அம்புக்குறி

வசந்தத்தில் மலையேறப் போகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது காலணியை. வழியைப் பிறகு தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். காலைக் கடிக்கிற புதுக் காலணியோடு எத்தனை அழகான வழியில் நடந்தாலும் மனம் முழுவதும் கொப்புளத்தின்மேல்தான் இருக்கும். டாக்குரியா ஏரிக்கரையில் எங்களோடு காலை நடைக்கு வருகிற எல்லோருக்கும் பிப்ரவரி மாதமே இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

ஐயா, நீங்கள் கேட்டது காலணியைப் பற்றியன்று. அது எனக்குத் தெரியும். ஆனால் முப்பத்தாறு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவனுக்கு எதையும் முதலிலிருந்து தொடங்கினால்தான் சொல்ல வரும். தமிழில் எழுதிக்கொள்ள அனுமதித்ததற்கு நன்றி. வங்காளம் நன்றாகவே பேசுவேன். என்றாலும் பிழையில்லாமல் எழுத வேண்டிய ஒன்றைத் தாய்மொழியில் எழுதுவதே முறை.

உங்கள் காவல் நிலைய அறிக்கையில், என் நண்பர் சீதாராமன் இறந்தது "வழி காட்டிய முதியவரின் ஞாபகப் பிசகால் நேர்ந்த விபத்து" என்று இருப்பதாக அறிந்தேன். அந்த வாக்கியம் தவறானது. அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன். வேறு நோக்கமில்லை.

நாங்கள் ஒன்பது பேர். எல்லோரும் தென் கொல்கத்தாவில் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள். தினமும் காலையில் ஏரியைச் சுற்றுவோம். ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் முதல் வாரத்தில், ஸியால்தாவில் ரயிலேறி வடக்கே மலைக்குப் போவோம். அப்போதுதான் மலைச்சரிவெல்லாம் ரோடோடென்ட்ரான் பூத்துக் கிடக்கும். மலைக்காரர்கள் அதைக் குராஸ் என்பார்கள். வழியைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. பதினான்கு ஆண்டுகளாக அதில் யாரும் தலையிட்டதில்லை. ரயில் சீட்டு, விடுதி, மருந்துப் பெட்டி எல்லாம் சுலோசனாவின் வேலை. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற கெட்டிக்காரப் பெண்மணி.

மலையில் எல்லோராலும் ஒரே வேகத்தில் நடக்க முடியாது. ஆகவே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. நான் முதலில் நடப்பேன். வழி பிரிகிற இடத்திலெல்லாம் ஒரு பாறையின்மேல் சுண்ணக்கட்டியால் அம்புக்குறி போடுவேன். பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்து வருவார்கள். கடைசி ஆள் சீதாராமன். அவருக்கு இடது முழங்கால் சரியில்லை. புகைப்படம் எடுக்கிற பழக்கம் வேறு. எல்லோருக்கும் பின்னால் கால்மணி நேரம் தள்ளி வந்து, ஒவ்வொரு அம்புக்குறியையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு நடப்பார். "மலையில நம்ம கையெழுத்து எதுக்கு, மாஸ்டர்மொஷாய்?" என்பார். வங்காளிகள் ஆசிரியரை அழைக்கிற முறை அது, எங்கள் பேட்டையில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் மட்டும் அதைச் சற்றே கிண்டலாக இழுப்பார். ஹவுராவில் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவர். ஒரு குறியை வைத்தால் அதை எடுக்கவும் ஆள் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பதினான்கு ஆண்டுகளில் ஓர் அம்புக்குறியையும் அவர் துடைக்காமல் விட்டதில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் அச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

சென்ற ஆண்டு துர்கா பூஜை முடிந்த வாரம் லேக் மார்க்கெட்டில் அப்பளக்கட்டு வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறினேன். டாக்குரியாவில் இறங்க வேண்டியவன் ஜாதவ்பூரில் பல்கலைக்கழக வாசலில் இறங்கியிருந்தேன். அது பெரிய தவறன்று, யாருக்கும் நேரும். ஆனால் இறங்கிய பிறகு என் வீடு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. கடைகளின் பெயர்ப்பலகைகளைப் பார்த்தேன். சிறுவயதிலிருந்து படித்துவருகிற வங்காள எழுத்துகள் அன்று வெறும் கோடுகளாகத் தொங்கின. கையில் இருந்த அப்பளக்கட்டை யாருக்காக வாங்கினேன் என்றும் தெரியவில்லை. அப்பளம் பிரியப்பட்ட என் மனைவி போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தண்ணீரில்லாத கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் அதில் என் முகமும் இல்லாததுபோல் இருந்தது.

அப்போது ஓர் ஆட்டோவிலிருந்து சீதாராமன் தலையை நீட்டினார். "என்ன மாஸ்டர்மொஷாய், இந்த வயசுல யுனிவர்சிட்டியில சேரப் போறேளா?" என்றார். நான் சிரித்தேன். சிரித்தால் போதும் என்று நினைத்தேன். அவர் என் கையிலிருந்த கட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு என்னை ஏற்றிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருக்குத் தெரியும். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். புனேயில் இருக்கும் என் மகள் அக்ஷராவுக்குத் தெரிந்தால் மறுநாளே வந்து நிற்பாள். நல்ல பெண். முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற ஓர் இல்லத்தைப் பற்றி இரண்டு முறை பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். தோட்டம் உண்டாம், ஒவ்வொரு கதவிலும் பெயர் எழுதி ஒட்டியிருப்பார்களாம். என் பெயரைக் கதவில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்துக்கு நான் போக விரும்பவில்லை. என் வீட்டில், என் புத்தக அலமாரிக்கு எதிரே, ஏரிக்கரையில் நான்கு பேர் எழுந்து வணக்கம் சொல்கிற ஊரில் இருந்து முடிய விரும்பினேன். கேட்டது அவ்வளவுதான். அதற்குக் குறுக்கே உலகத்தில் ஒரே ஒரு மனிதர் இருந்தார்.

இந்த ஆண்டு வழியை நான் தேர்ந்தெடுத்தபோது மனத்தில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. மார்ச் மாதம் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தேன். ஜீப் போகிற சாலை வழி, காட்டு வழி, மலைமுகட்டு வழி என்று மூன்று இருந்தன. முதலாவதில் புழுதி. இரண்டாவதில் மரங்களைத் தவிர ஒன்றும் தெரியாது. மூன்றாவது ஒரு முகட்டின் விளிம்பிலேயே போகும். இரண்டு பக்கமும் சிவப்புப் பூக்கள் சரிந்து கிடக்க, எதிரே பனிமலை முழுவதும் தெரியும். அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். அழகுக்காக மட்டுமே தேர்ந்தெடுத்தேன்.

மலைவிடுதிக்குப் போய்ச் சேர்ந்த மாலையில் அடுப்படியில் குளிர்காய்ந்துகொண்டிருந்தோம். நானும் சீதாராமனும் மட்டும்தான். மற்றவர்கள் அறைகளில் இருந்தார்கள். விடுதிக்காரர் இந்தியில் விவரம் சொன்னார். முகட்டு வழி போன மழைக்காலத்தில் இடிந்துவிட்டது. மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய ஒரு சுவர் வரும், அங்கே வழி இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் போனால் ஒரு திருப்பத்துக்கு அப்பால் தரையே கிடையாது. குறுக்கே அவரே இரண்டு மூங்கில் கட்டி வைத்திருக்கிறார். வலப்பக்கம் காட்டு வழியிலேயே போங்கள் என்றார். சீதாராமன் அதை எனக்குத் தமிழில் ஒருமுறை சொன்னார். எனக்கு இந்தி தெரியும். இருந்தும் சொன்னார். குழந்தைக்குச் சொல்வதைப்போல், "இடது வேண்டாம், வலது. சரியா?" என்று என் முழங்காலைத் தட்டினார்.

விடுதிக்காரர் எழுந்து போன பிறகு அந்தப் பேச்சை எடுத்தார்.

"இந்த மலை முடியட்டும். இறங்கினதும் அக்ஷராவுக்கு நானே ஃபோன் பண்ணிடறேன். சத்தியத்தை மீறறேன்னுதான் வெச்சுக்கோங்கோ."

நான் அடுப்பில் ஒரு சுள்ளியைத் தள்ளினேன்.

"அடுத்த வருஷம் வழியெல்லாம் சுலோசனா பாத்துக்கட்டும். நீங்க கடைசில எங்கூட வாங்கோ. நான் துடைச்சுண்டே வரேன், நீங்க கதை சொல்லிண்டே வாங்கோ. யாருக்குக் கிடைக்கும் அந்த பாக்கியம்?"

அன்பாகத்தான் சொன்னார். அதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை.

வகுப்பில் நான் சொல்கிற கதை ஒன்று உண்டு. ஒரு கிழட்டு யானை கோடைதோறும் தன் கூட்டத்தைத் தண்ணீருக்கு அழைத்துப் போகும். ஒரு கோடையில் அதற்கு வழி மறந்துபோயிற்று. அதன் முதுகில் உட்கார்ந்திருந்த உண்ணிக்கொக்கு ஒன்று மெதுவாகக் காதில் சொல்லிக்கொண்டே வந்தது: இங்கே இடது, அங்கே வலது. கூட்டம் யானையின் அறிவை மெச்சியது. கடைசியில் கொக்கு சொன்னது: நாளை நான் இதை எல்லோருக்கும் சொல்லப்போகிறேன், ஏனென்றால் ஒருநாள் நான் உன் முதுகில் இல்லாமல் போகலாம், கூட்டம் தாகத்தில் செத்துவிடும். யானை கொக்குக்கு நன்றி சொல்லிவிட்டுக் கூட்டத்தின் பின்வரிசைக்குப் போய் நிம்மதியாக நடந்தது. இப்படித்தான் முடிப்பேன். ஒருமுறை ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து, "யானை ஏன் ஸார் கொக்கை மிதிக்கல?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவளை உட்காரச் சொன்னேன். நல்ல கேள்வி என்று அன்றைக்கே அவளைப் பாராட்டியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். மூடுபனி இருந்தது. பத்தடிக்கு அப்பால் மரங்கள் நிழல்களாக நின்றன. ஒன்றரை மணி நேரத்தில் கற்சுவர் வந்தது. இடப்பக்க வழியின் குறுக்கே மூங்கில்கள் இருந்தன. வலப்பக்கத்துக்கு அம்புக்குறி போட்டேன். ஒவ்வொருவராக அதைப் பார்த்து வலப்பக்கம் வந்தார்கள். சிறிது தூரம் போனதும் நின்று, காதை மூடுகிற என் மங்கி கேப்பைச் சுவரின்மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று சுலோசனாவிடம் சொன்னேன். உண்மையில் அது என் சட்டைக்குள் இருந்தது.

"கூட யாராவது வரட்டுமா, ஸார்?" என்று கேட்டாள்.

"தொப்பியை எடுக்க ஊர்வலமா?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, சரி, மெதுவாகப் போய்வாருங்கள் என்றாள்.

மறதியை வேடமாகப் போட்டுக்கொள்ள எவ்வளவு நினைவாற்றல் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். திரும்பி வந்தேன். வழியில் யாரும் இல்லை. மங்கி கேப்பால் அம்புக்குறியைத் துடைத்தேன். இடப்பக்கம் காட்டி இன்னொன்று போட்டேன். மூங்கில் இரண்டையும் கயிற்றை அவிழ்த்து எடுத்துச் சுவருக்குப் பின்னால் பெரணிச் செடிகளின் அடியில் கிடத்தினேன். இன்றும் அங்கேதான் இருக்கும், ஆளனுப்பிப் பாருங்கள். பிறகு அந்தச் செடிகளுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டேன். என் ஏற்பாட்டின் நேர்த்தி இதுதான்: வழக்கம்போல் அவரே தன் கையால் அந்த அம்புக்குறியைத் துடைத்துவிட்டுப் போவார். பிறகு உலகத்தில் அது இருந்ததற்கு அடையாளமே இராது.

அவர் வந்தார். தடியூன்றுகிற சத்தம் முதலில் வந்தது, பிறகு ஆள். பாறைக்கு முன்னால் நின்று பையிலிருந்து ஈரத்துணியை எடுத்தார். அம்புக்குறியைப் பார்த்தார். மூங்கில் இருந்த இடத்தைப் பார்த்தார். மறுபடியும் அம்புக்குறியைப் பார்த்தார். எனக்கும் அவருக்கும் நடுவே எட்டடி இருக்கும். அவர் முகத்தில் நான் ஜாதவ்பூரில் உணர்ந்த அதே அச்சம் இருந்தது. அந்த அச்சத்தை வெளியிலிருந்து பார்த்தது அதுவே முதல் முறை.

அவர் துணியைக் கீழே போட்டார். தடியையும் போட்டார். இடப்பக்கம் ஓடினார். ஐயா, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"மாஸ்டர்மொஷாய், நின்ன எடத்துலயே நில்லுங்கோ. நான் வந்துண்டே இருக்கேன். ஒரு அடி எடுத்து வைக்காதீங்கோ."

மூன்று முறை அப்படியே கூப்பிட்டார். குரல் தள்ளித் தள்ளிப் போயிற்று. நான் பதில் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தால் அக்ஷரா வருவாள் என்பது மட்டும் அந்த நேரத்தில் மிகத் தெளிவாக இருந்தது. நான்காவது முறை கூப்பிடத் தொடங்கினார், முடிக்கவில்லை. கற்கள் உருளுகிற சத்தம் நான் எதிர்பார்த்ததைவிட நெடுநேரம் கேட்டது.

மங்கி கேப்பைப் போட்டுக்கொண்டு வலப்பக்கம் நடந்து போய் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டேன். தொப்பி கிடைத்துவிட்டது என்றேன்.

அவரைக் காணோம் என்று தேடிக் கிளம்பியபோது முதலில் கண்ணில் பட்டது அந்த அம்புக்குறிதான். பனியில் கொஞ்சம் ஊறியிருந்தது, அழியவில்லை. அதன் கீழே ஈரத்துணியும் தடியும் கிடந்தன. நான் திரும்பும்போது அதை அழிக்க மறந்துவிட்டேனா என்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை. அழிப்பது என் வேலையன்று. அது சீதாராமனின் வேலை.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு சுலோசனா வீட்டில் கூடினோம். கரியாஹாட் நடைபாதையில் வங்காளப் புத்தாண்டு விற்பனைக் கூச்சல் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். சீதாராமனின் மனைவி ஜெயலக்ஷ்மி என் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு ஆயத்தமாக இருந்தேன்.

"நீங்க மனசப் போட்டு உழப்பிக்காதீங்கோ," என்றார். "உங்களுக்கு ஞாபகம் இல்லாமத்தானே அப்படிப் போட்டேள். எங்களுக்கெல்லாம் தெரியும். ஒரு வருஷமாத் தெரியும்."

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லோருக்கும் என்றால் ஒருவர் விடாமல் எல்லோருக்கும். வாரத்தில் எந்த நாள் யார் என்னோடு ஏரியைச் சுற்றுவது, யார் வீடு வரை கொண்டு விடுவது என்று முறை வைத்திருந்தார்களாம். சீதாராமன் சொல்லவில்லையாம், அவரவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்து அவரிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர் செய்ததெல்லாம் எனக்குத் தெரியக்கூடாது என்று அவர்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டதுதான்.

சுலோசனா அழுதுகொண்டே சொன்னாள்: "பின்னால சீதாராமன் ஸார் வர்றாரேங்கற தைரியத்துலதான் உங்களைத் தனியா விட்டேன். அவர் பாத்துப்பாருன்னு."

ஜெயலக்ஷ்மியோடு சேர்த்து எட்டுப் பேரும் என்னை மன்னித்தார்கள். என் வாழ்க்கையில் அதைவிட அச்சமூட்டிய ஒரு மாலையை நான் கண்டதில்லை. ஜாதவ்பூரில்கூட நான் தனியாகத்தான் காணாமற்போயிருந்தேன்.

நாளை மறுநாள் அக்ஷரா வருகிறாள். பெட்டியைக் கட்ட வேண்டாம், அவளே கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். ஆகவே எனக்கு நேரம் அதிகமில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லக் கை தயங்குகிறது. நான் செய்தது ஒருநாள் எனக்கே மறந்துவிடும் என்று அஞ்சுகிறேன். அப்போது நீங்கள் எழுதியது உண்மையாகிவிடும். நானும் தலையை ஆட்டி, ஆமாம், விபத்துதான் என்பேன். ஒவ்வொரு பக்கத்தையும் எழுதியதும் முந்தைய பக்கத்தைப் படித்துப் பார்க்கிறேன். இதுவரை எல்லாம் சரியாக இருக்கின்றன. சிறைக்கு அனுப்பினால் போகிறேன். அங்கே ஒருவனை அவன் செய்ததற்காக வைத்திருப்பார்கள், மறந்ததற்காக அல்ல.

நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். வழி இடிந்திருப்பது தெரிந்த மனிதர் ஏன் அதில் போனார் என்பது முதலாவது. அவர் சிக்னல்காரர், குறி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் போவதே அவருக்குப் பழக்கம். என் அம்புக்குறியின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. என் நினைவாற்றலைக் குறை சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் சிந்திக்க வேண்டும். அந்த ஒரு குறியை மட்டும் அவர் ஏன் துடைக்கவில்லை என்பது இரண்டாவது. பல நாள் யோசித்தேன். விடை தெரியவில்லை. தெரியாத கேள்வியைத் தெரியவில்லை என்று விட்டுவிடுவதுதான் நேர்மை. மாணவர்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

முடிவாக ஒன்று. விடுதிக்காரர் எச்சரித்ததை நான் என் காதால் கேட்டேன். மறுநாள் காலை அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது அது ஒரு சொல் குறையாமல் என் நினைவில் இருந்தது. வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஞாபகப் பிசகு என்ற சொல்லை அடித்துவிட்டு, தெரிந்தே செய்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். சாட்சி உண்டா என்பீர்கள். உண்டு. அன்று மாலை அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டவர் ஒருவர் இருக்கிறார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். நாளைக் காலை ஆறு மணிக்கு ஏரிக்கரைக்கு வந்தால் போதும். முழங்கால் வலியால் எல்லோருக்கும் கடைசியில் மெதுவாக வருவார், சற்றுக் காத்திருக்க வேண்டும். சீதாராமனைக் கேளுங்கள்.